முற்றாதிக்கத்தின் தோற்றுவாய்: சொல்லும் வரலாறும்



கண்டிப்பான தலைமையாசிரியரை மாணவர்கள் 'சர்வாதிகாரி' என்கின்றனர். கணக்குக் காட்ட மறுக்கும் சங்கத் தலைவரை உறுப்பினர்களும் அவ்வாறே அழைக்கின்றனர். தேர்தல் காலத்தில் எதிரணித் தலைவருக்கும் அதே பெயர்தான். பிறகு வரலாற்று வகுப்பில் ஹிட்லரைப் பற்றிப் படிக்கும்போதும் அச்சொல்லே வந்து நிற்கிறது. தலைமையாசிரியருக்கும் ஹிட்லருக்கும் ஒரே சொல் போதும் என்ற நிலை ஏற்பட்டுவிட்டால், அச்சொல்லைக் கொண்டு இருவரில் எவரையும் நாம் அறிந்துகொள்ள இயலாது.

மொழியியலில் உழைத்து ஓய்வுபெற்றவர்க்கு அரசியல் வரலாற்றில் என்ன வேலை என்று அவையோர் கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய ஒருவகை ஆட்சி, மக்களின் நிலத்தையும் உழைப்பையும் மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் கைப்பற்ற முனைந்தது. ஆதலால் அதனை ஆராய்வதில் மொழியியலுக்கும் ஒரு பங்கு உண்டு. மேலும் அவ்வாட்சியின் நிழல் ஐரோப்பாவில் மட்டும் விழவில்லை. நாம் வாழும் இந்த ஜொகூர் மண்ணிலும், நம் தாத்தா பாட்டியர் வாழ்ந்த தோட்டத்து லயங்களிலும் மூன்றரை ஆண்டுக்காலம் விழுந்து கிடந்தது.

1. நான்கு சொற்கள்

தமிழில் தீய ஆட்சியைக் குறிக்கும் மிகப் பழைய சொல் கொடுங்கோன்மை. திருக்குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரம். கொடுங்கோன்மை 56ஆம் அதிகாரம். குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமையைக் கூறும் வெருவந்த செய்யாமை 57ஆம் அதிகாரம். கோல் நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். இவ்வுருவகத்தின் நடுவில் நிற்பவன் அரசன் என்னும் ஒரு மனிதன். அவன் வரம்பு மீறிப் பொருள் பறிக்கிறான், முறை தவறித் தண்டிக்கிறான். அவன் திருந்தினாலோ மறைந்தாலோ கோல் மீண்டும் நேராகும்.

இரண்டாவது சொல் எதேச்சாதிகாரம். 'விருப்பப்படி' என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. சட்டத்தால் கட்டுப்படாமல் தன் விருப்பம்போல் ஆள்வதை இது குறிக்கும்.

மூன்றாவது சொல் சர்வாதிகாரம். இன்று இது வசைச்சொல்லாகிவிட்டது. தொடக்கத்தில் அவ்வாறு இல்லை. பண்டைய ரோமாபுரியில் பேரிடர்க் காலத்தில் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. அப்பதவிக்கு ஆறு திங்கள் என்ற காலவரையறையும் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் இந்தியச் சட்டமறுப்பு இயக்கத்தில் தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறை சென்றபோது, போராட்டத்தை நடத்தும் முழுப் பொறுப்பை ஏற்றவரைச் 'சர்வாதிகாரி' என்றே பெருமையுடன் அழைத்தனர். பெரும் அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருப்பது என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள்.

இம்மூன்று சொற்களும் ஆள்பவரிடம் எவ்வளவு அதிகாரம் உள்ளது, அதை அவர் எவ்வாறு செலுத்துகிறார் என்பதையே கூறுகின்றன. ஆளப்படுபவரின் வாழ்வில் அவ்வதிகாரம் எவ்வளவு ஆழத்துக்கு நுழைகிறது என்பதைக் கூறவில்லை. அதனைக் கூற நான்காவது சொல் ஒன்று வேண்டும். நாம் இங்கு அதனை 'முற்றாதிக்கம்' என்று வழங்குவோம்.

'முற்று' என்னும் அடிச்சொல் நம் இலக்கண மாணவர்க்குப் புதிதன்று. எழுவாயும் பயனிலையுமாய் நிறைவு பெறுவது முற்றுத்தொடர். 'எல்லாரும்', 'யாவும்' என ஒன்றையும் விடாது தழுவுவது முற்றும்மை. கோட்டையை நாற்புறமும் சூழ்ந்து வெளியேற வழியின்றிச் செய்வது முற்றுகை. நிறைவு, எதையும் விடாமை, வழியடைப்பு ஆகிய மூன்றும் இவ்வொரு சொல்லில் அடங்கும். பள்ளி, வழிபாட்டிடம், தொழிற்சங்கம், செய்தித்தாள், குடும்பம், மனச்சான்று ஆகிய எதையும் வெளியே விடாமல் சூழ்ந்துகொள்ள முயலும் ஆட்சியே முற்றாதிக்கம். கொடுங்கோலனுக்கு மக்களின் மௌனம் போதும். முற்றாதிக்கமோ மௌனத்தையும் ஐயுறும். எழுந்து நின்று கைதட்டுமாறு கேட்கும்.

2. பெயர் பிறந்த இடம்

இக்கருத்தைக் குறிக்கும் சொல் முதன்முதலில் இத்தாலியில் தோன்றியது. முசோலினி 1922 அக்டோபரில் தலைமையமைச்சரானார். அவருடைய கட்சி தேர்தல் முறையையும் உள்ளாட்சிகளையும் வளைத்துக்கொண்ட விதத்தைக் கண்டித்து எழுதிய ஜியோவன்னி அமெண்டோலா என்னும் அரசியலாளரும் இதழாளருமானவர், 1923இல் அதனை 'முற்றான' அமைப்பு என்னும் பொருள்படும் சொல்லால் சுட்டினார். அது கண்டனச் சொல். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1925இல், முசோலினி அச்சொல்லைத் தம் இயக்கத்துக்குரிய பெருமையாகவே எடுத்துக்கொண்டார். அரசுக்கு வெளியே எதுவும் இருத்தலாகாது என்பதே தம் கொள்கை என வெளிப்படையாகவே அறிவித்தார். அச்சொல்லைப் படைத்த அமெண்டோலா அதே ஆண்டில் பாசிசக் குண்டர்களால் கடுமையாகத் தாக்கப்பட்டு, 1926இல் அயல்நாட்டில் உயிர் நீத்தார்.

இச்சொல்லைப் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வல்லரசுகளின் பனிப்போரில் இது ஒரு தரப்பின் பரப்புரைக் கருவியாகவும் பயன்பட்டது. இனவெறியை அடித்தளமாகக் கொண்ட நாசிசத்தையும், வர்க்க விடுதலையை இலக்காகக் கூறிய பொதுவுடைமை ஆட்சியையும் ஒரே சொல்லில் அடக்குவது முறையா என்று கேட்போர் உளர். அக்கேள்வி நியாயமானதே. நோக்கங்கள் வேறுபடினும் ஆளும் முறையில் ஒப்புமை காணலாம் என்ற அளவிலேயே நாம் இச்சொல்லை ஆள்கிறோம்.

3. முளைத்த மண்

முற்றாதிக்கம் ஒரு தீய மனிதரின் மூளையில் திடீரென உதித்ததன்று. அதற்கு முன்னரே மண் பண்படுத்தப்பட்டிருந்தது.

முதற் காரணம் 1914 முதல் 1918 வரை நடைபெற்ற முதல் உலகப் போர். கோடிக்கணக்கான ஆண்கள் படைக்குத் திரட்டப்பட்டனர். உணவுப் பங்கீடு, செய்தித் தணிக்கை, தொழிற்சாலைகள்மீது அரசின் கட்டளை ஆகியன அன்றாட வழக்கமாயின. ஒரு நாட்டின் முழு மக்களையும் ஒரே படைமுகாம்போல் நடத்த முடியும் என்பதை அப்போர் ஆட்சியாளர்க்குக் கற்பித்தது.

இரண்டாவது காரணம் பொருளியல் வீழ்ச்சி. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தால் செர்மனியில் வேலையற்றோர் எண்ணிக்கை ஏறத்தாழ 60 இலட்சத்தை எட்டியது. ஹிட்லரின் கட்சி 1928 தேர்தலில் பெற்ற வாக்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 1930இல் அது 18 விழுக்காடாயிற்று. 1932 ஜூலையில் 37 விழுக்காட்டைத் தாண்டியது. பசித்தவர் அனைவரும் வெறியராகிவிட்டனர் என்று கூறுதல் பிழை. பழைய கட்சிகளிடமும் நிறுவனங்களிடமும் நம்பிக்கை இழந்து, தனித்தனியே சிதறிப்போன மக்களுக்கு, 'உன் துன்பத்துக்கு இவனே காரணம்' என்று ஒரு பகைவனைச் சுட்டிக்காட்டிய குரல் எளிதில் கேட்டது.

மூன்றாவது காரணம்தான் ஆசிரியர்கள் மாணவர்க்கு வலியுறுத்தவேண்டியது: சட்டத்தின் வாயிலாகவே சட்டத்தை அழித்தல். ஹிட்லர் 1933 ஜனவரி 30ஆம் நாள் குடியரசுத் தலைவரால் முறைப்படி தலைமையமைச்சராக அமர்த்தப்பட்டார். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையையும் கூட்டவுரிமையையும் நிறுத்திவைக்கும் ஆணை வெளிவந்தது. 'மறு அறிவிப்பு வரும்வரை' என்று கூறிய அவ்வாணை 1945 வரை விலக்கப்படவேயில்லை. மார்ச் 23இல் நாடாளுமன்றத்தைக் கேளாமலே சட்டம் இயற்றும் அதிகாரம், 444 வாக்குகள் ஆதரவாகவும் 94 வாக்குகள் எதிராகவும் விழ, நாடாளுமன்றத்தாலேயே வழங்கப்பட்டது. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் அவைக்கு வரவே இயலாதபடி தடுக்கப்பட்டிருந்தனர். ஜூலை 14இல் நாட்டில் ஒரே கட்சிதான் என்ற சட்டம் வந்தது. பதவியேற்பிலிருந்து இதுவரை ஆறு திங்களுக்கும் குறைவான காலமே சென்றிருந்தது.

சோவியத் நாட்டில் பாதை வேறு. அங்கே புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் ஆகியவற்றினூடே ஒரு கட்சியின் ஆட்சி அமைந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசமைப்புப் பேரவை 1918 ஜனவரியில் ஒரே நாள் கூடியபின் கலைக்கப்பட்டது. 1921இல் கட்சிக்குள்ளேயே மாற்று அணிகள் தடைசெய்யப்பட்டன. ஸ்டாலின் காலத்தில், 1937 ஜூலையில் வெளியான ஓர் ஆணை, ஒவ்வொரு வட்டாரத்திலும் எத்தனை பேரைச் சுடவேண்டும், எத்தனை பேரைச் சிறைமுகாமுக்கு அனுப்பவேண்டும் என்று எண்ணிக்கை வகுத்துக் கொடுத்தது. 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுட்டுக்கொல்லப்பட்டவர் ஏறத்தாழ 680,000 பேர் என அந்நாட்டு ஆவணங்களே காட்டுகின்றன. முதலில் எண்ணிக்கை, பிறகு அதனை நிரப்ப மனிதர் என்னும் இவ்வரிசைமுறையை நினைவில் நிறுத்துக. நம் கதையில் இது மீண்டும் வரும்.

4. குடியேற்ற நாடுகளில் விழுந்த விதை

முற்றாதிக்கத்தின் தோற்றுவாயை விரிவாக ஆராய்ந்தவர் ஹன்னா அரெண்ட். செர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, குடியுரிமை இழந்து அலைந்து, அமெரிக்காவை அடைந்த அம்மையார், இப்பொருள் பற்றிய தம் பெருநூலை 1951இல் வெளியிட்டார். நூலின் மூன்று பகுதிகளுள் நடுப்பகுதி பேரரசுவாதம் பற்றியது. ஐரோப்பியர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொண்டனர் என்பது அவர் கருத்து. மனிதரை இனத்தால் தரம் பிரிப்பது ஒன்று; ஆளப்படுவோரைக் கேளாமல், எங்கோ இருக்கும் அலுவலகத்தின் ஆணைகளாலேயே ஆள்வது மற்றொன்று. அவ்விரண்டும் பின்னர் ஐரோப்பாவுக்கே திரும்பி வந்தன என்கிறார் அவர்.

இக்கருத்தைப் படிக்கும் மலேசியத் தமிழர்க்குத் தோட்டம் நினைவுக்கு வராமல் இராது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசை; பெயர் வாசிப்பு; கங்காணி, தண்டல், கிராணி, துரை என்னும் படிநிலை; உறையுளும் கடையும் மருந்தகமும் கள்ளுக்கடையும் ஒரே நிருவாகத்தின் கையில்; வெளியேறினால் வேலையோடு கூரையும் போகும் நிலை. ஆயினும் ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். ஆங்கிலேயர் கால மலாயா முற்றாதிக்க நாடன்று. அங்கே தமிழ் நாளேடுகள் இருந்தன, சங்கங்கள் இருந்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் செய்தனர். அது படை கொண்டு அடக்கப்பட்டது என்பதும் உண்மை. துரைக்கு வேண்டியது பால்மரத்தின் பால். தொழிலாளியின் உள்ளம் எதை நம்புகிறது என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஆனால் மனிதரை வரிசையில் நிறுத்தி எண்ணும் களமும், பெயர்ப்பட்டியலும், கட்டளைக்குப் பணிந்து பழகிய படிநிலையும் முன்னரே ஆயத்தமாக இருந்தன. 1942இல் புதிய ஆட்சியாளர் வந்தபோது அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டனர்.

5. ஜொகூரில் ஜப்பான் காலம்

ஜப்பானை நாசி செர்மனிக்கு நிகரான முற்றாதிக்கம் என்று கூறலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே ஒற்றைக் கட்சித் தலைவர் எவரும் தோன்றவில்லை; பேரரசரின் பெயரால் படைத்துறை ஆண்டது. எனினும் சிந்தனையையே குற்றமாக்கிய 1925ஆம் ஆண்டின் சட்டம், நாட்டின் ஆள்வலு முழுவதையும் அரசின் கையில் கொடுத்த 1938ஆம் ஆண்டின் திரட்டல் சட்டம், கட்சிகள் கலைந்து ஒரே பேரமைப்புக்குள் அடங்கிய 1940ஆம் ஆண்டின் மாற்றம் ஆகியவற்றை அடுத்தடுத்துப் பார்த்தால் அந்நாடு எத்திசையில் சென்றதென்பது விளங்கும்.

அப்படை 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி நடுவில் கெமாஸ், மூவார் பகுதிகளில் கடும் போர் நடந்தது. பாரிட் சூலோங்கில், நடக்கவியலாமல் பின்தங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் போர்க்கைதிகள் கொன்று எரிக்கப்பட்டனர். ஜனவரி 31இல் பின்வாங்கிய படையினர் ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். ஜொகூர் பாருவின் புக்கிட் செரின் அரண்மனையிலிருந்து தளபதி யமாஷித்தா சிங்கப்பூர்த் தாக்குதலை இயக்கினார். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

அதன் பின்னர் மாறியவற்றை மொழியியல் கண்கொண்டு நோக்குவோம். சிங்கப்பூரின் பெயர் 'தென்னாட்டு ஒளி' என்னும் பொருளில் சியோனான் ஆயிற்று. ஆண்டு 1942 என்பது 2602 ஆயிற்று. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. பள்ளிகளில் ஜப்பானிய மொழியும், கிழக்கு நோக்கிப் பேரரசரை வணங்குதலும் புகுந்தன. அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்க இயலாதவாறு வானொலிப் பெட்டிகள் முடக்கப்பட்டன. வீடுதோறும் பெயர்ப்பதிவு நடந்தது. அண்டை அயலாரே ஒருவரையொருவர் கண்காணிக்கும் காவல்முறை வந்தது. சீனச் சமூகத்தினர் ஆயிரக்கணக்கில் களையெடுக்கப்பட்டனர். அக்கொலைகள் சிங்கப்பூரோடு நில்லாமல் ஜொகூரின் ஊர்களுக்கும் பரவின. அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. வாழைமரப் படம் பொறித்த பணத்தாள் மதிப்பிழந்தது. இவையனைத்துக்கும் சூட்டப்பட்ட பெயர் 'கிழக்காசியக் கூட்டு வளவட்டம்'.

ஊர்ப்பெயரையும் ஆண்டையும் மணியையும் மாற்றுவானேன்? நேற்றையும் இன்றையும் இணைக்கும் நூலை அறுத்துவிட்டால், ஆட்சி கொடுக்கும் காலக்கணக்கைத் தவிர வேறு கணக்கு மக்களிடம் இராது. இது முற்றாதிக்கத்தின் இயல்பான வேலைமுறை.

அக்காலம் நம்மவர்க்கு முழு இருளாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர் பலர் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். கூலி என்று அழைக்கப்பட்டவர் முதன்முறையாகப் படைவீரர் என்று அழைக்கப்பட்டனர். அப்பெருமிதம் உண்மையானது. அதே ஆண்டில், அதே தோட்டங்களிலிருந்து, வேறொரு வரிசையும் புறப்பட்டுக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

6. எழுவாய் இல்லாத வாக்கியம்

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைக்கும் பணி 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். இரண்டு இலட்சம் அளவில் இருந்தனர் என்றும், 90,000 பேர் வரை மாண்டனர் என்றும் மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கு மேற்பட்டோர் என்பர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். தொடக்கத்தில் சில திங்கள் வேலை, நல்ல கூலி, இலவச உணவு என்று ஆசை காட்டினர். ஆள் குறைந்தபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வகுத்தனர். 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவரோ தம் மொழி பேசும் அதிகாரியோ இன்றி, முகாம் முகாமாக மடிந்தனர்.

கஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் வீரரின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவர்க்கு அத்தகைய வரிசை இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற மலேசியத் தமிழ் நாவல்களே அவர்களுக்கு எழுப்பப்பட்ட கற்கள்.

நம் பாட்டியார் குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வாழ்ந்தவர். அவருடைய மூத்த மகன், நமக்குப் பெரியப்பா முறையினர், சயாமுக்குச் சென்று திரும்பவில்லை. அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பாட்டியார் ஒரே வாக்கியத்தையே கூறுவார்: "சயாமுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க." அதற்குமேல் பேச்சு நகராது, வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

இலக்கணம் பயிலத் தொடங்கிய இளமைக் காலத்தில் அவ்வாக்கியம் நமக்கு உறுத்தியது. 'போனார்கள்' என்னும் வினைமுற்றின் விகுதி பலர்பால் படர்க்கை என்பதை மட்டுமே காட்டும். எழுவாய் தோன்றவில்லை. தோன்றா எழுவாய் தமிழுக்கு இயல்பே. சூழலால் விளங்குவதைச் சொல்லாமல் விடுவது நம் மொழியின் சிக்கனம். ஆனால் இங்கே சூழலாலும் விளங்கவில்லை. "யார் பாட்டி பிடித்துக்கொண்டு போனது?" என்று ஒருநாள் கேட்டோம். "ஜப்பான்காரன்தான்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஜப்பான்காரனுக்கு உங்க பெரியப்பா பேரு எப்படித் தெரியும்?" என்று அவரே கேட்டார்.

பிறகு மெல்லக் கூறினார். தோட்டத்துக்கு எண்ணிக்கை வந்தது. பெயர்ப்பட்டியலை எழுதியவர் அலுவலகத்தில் இருந்த நம் தமிழர் ஒருவர். பெரட்டுக்களத்தில் பெயர் வாசித்தவரும் நம்மவரே. லாரியில் ஏற்றும்வரை வரிசையைக் காத்து நின்றவர்களும் அவ்வாறே. பட்டியல் எழுதியவருடைய தங்கை மகனின் பெயரும் அதில் இருந்ததாம். "எழுதலேன்னா அவரைக் கொண்டு போயிருப்பாங்க. அவரும் பிள்ளைகுட்டிக்காரரு" என்றார் பாட்டியார். போருக்குப் பின்னும் அவ்விரு குடும்பங்களும் ஒரே தோட்டத்தில்தான் வாழ்ந்தன. திருமணத்துக்கும் இறப்புக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றனர்.

அன்று நமக்கு இரண்டு உண்மைகள் புலனாயின. பாட்டியார் எழுவாயை விட்டுவிட்டது அச்சத்தால் மட்டுமன்று. அதில் இரக்கமும் இருந்தது. அந்த இரக்கத்தை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் முற்றாதிக்கம் இயங்கும் முறையும் அவ்வெற்றிடத்தில்தான் இருந்தது. மேலிருந்து வருவது எண். அதனைப் பெயராக்குவது கீழிருக்கும் கை. அக்கையை நீட்ட மறுத்தால் தன் பெயரே பட்டியலில் ஏறும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டால், ஒரு தோட்டத்தை ஆள ஒரு பெரும்படை வேண்டியதில்லை.

இன்று நம் வரலாற்றுப் பாடங்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. 'தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர்' என்று எழுதுகிறோம். பாட்டியாரின் வாக்கியத்தில் செய்தவர் பெயர் இல்லை என்றாலும், 'யாரோ செய்தார்கள்' என்ற குறிப்பு விகுதியிலேனும் இருந்தது. நம் செயப்பாட்டு வினையில் அதுவும் மறைந்துவிடுகிறது.

7. நாமும் நாங்களும்

நாசி ஆட்சியின் மொழியை உள்ளிருந்து பதிவு செய்தவர் விக்டர் கிளெம்பரர். திரெஸ்டன் நகரில் மொழிநூற் பேராசிரியராக இருந்த அவர், யூதர் என்பதால் 1935இல் பதவி இழந்தார். யூதரல்லாத தம் மனைவி விட்டுப் பிரியாமல் நின்றமையால் உயிர் தப்பினார். நூலகமும் மறுக்கப்பட்ட நிலையில், தெருவில் கேட்ட சொற்களையும் செய்தித்தாள் சொற்களையும் நாள்தோறும் மறைவாக எழுதிவைத்து, 1947இல் நூலாக வெளியிட்டார். வெறியைக் குறித்த சொல் பாராட்டுச் சொல்லாக மாறியதை அவர் கண்டார். கொலைக்குச் 'சிறப்பு நடத்துகை' என்றும், நாடுகடத்தலுக்குக் 'குடிபெயர்ப்பு' என்றும் பெயரிடப்பட்டதை உலகம் பின்னர் அறிந்தது. சங்கங்களையும் பள்ளிகளையும் நாளேடுகளையும் ஒரே பிடிக்குள் கொண்டுவந்ததற்கு, மின்விசைகளை ஒரே ஓட்டத்தில் இணைப்பதைக் குறிக்கும் பொறியியல் சொல் வழங்கியது. மனிதர் பொறியாகக் கருதப்பட்டபோது பொறிக்குரிய சொல்லும் உடன் வந்தது.

தமிழ் மாணவர் இங்கே நம் மொழியின் ஓர் அரிய நுட்பத்தைக் கொண்டு சிந்திக்கலாம். தன்மைப் பன்மையில் நமக்கு இரண்டு சொற்கள் உள்ளன. கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'; கேட்பவரை விலக்குவது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல். மலாயில் 'கீத்தா', 'காமி' என நம்மைப்போலவே இரண்டு. முற்றாதிக்கம் மேடையில் எப்போதும் 'நாம்' என்றே பேசும். நாம் ஒரே மக்கள், நாம் ஒரே குருதி, நாம் ஒரே ஆசியர் என்று கூறும். ஆனால் முடிவெடுக்கும் அறையில் இருப்பது 'நாங்கள்' மட்டுமே. கூட்டு வளவட்டம் என்ற சொல்லில் 'நாம்' இருந்தது. சயாமுக்குச் சென்ற லாரியில் 'நாங்கள்' ஒருவரும் இல்லை. எந்தத் தலைவராயினும், எந்த இயக்கமாயினும், நம் இனத்தின் பெயரால் பேசுவதாயினும், அவர் கூறும் 'நாம்' என்பதில் மறுத்துப் பேசுபவருக்கு இடம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இடமில்லையெனில் அது வேடமிட்ட 'நாங்கள்'.

8. வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இப்பொருளைக் கற்பிக்கும்போது மூன்று பயிற்சிகளை மேற்கொள்ளலாம்.

முதலாவது, சொல்லை அளந்து ஆளுதல். கண்டிப்பு, எதேச்சாதிகாரம், சர்வாதிகாரம், முற்றாதிக்கம் ஆகியவற்றுக்கு மாணவர் தனித்தனி எடுத்துக்காட்டுத் தரட்டும். எல்லாவற்றையும் முற்றாதிக்கம் என்று அழைப்பவர், உண்மையான முற்றாதிக்கம் வாசலுக்கு வரும்போது அதனை அழைக்கச் சொல்லின்றி நிற்பார்.

இரண்டாவது, படிகளை வரிசைப்படுத்துதல். செர்மனியில் 1933 ஜனவரி முதல் ஜூலை வரை நிகழ்ந்தவற்றைக் கரும்பலகையில் எழுதி, எந்தப் படியில் யார் மறுத்திருந்தால் அடுத்த படி கடினமாகியிருக்கும் என்று மாணவரைக் கேட்கலாம். நீதிபதி, ஆசிரியர், எழுத்தர், அண்டை வீட்டார் ஆகிய ஒவ்வொருவரும் அவ்வினாவுக்கு உரியவர்.

மூன்றாவது, எழுவாயைத் தேடுதல். பாடநூலில் ஆக்கிரமிப்புக் காலம் பற்றிய ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள செயப்பாட்டு வினைகளைச் செய்வினைகளாக மாற்றச் சொல்லுங்கள். 'கொண்டு செல்லப்பட்டனர்' என்பதில் ஆணையிட்டவர் யார், எண்ணிக்கை வகுத்தவர் யார், பட்டியல் எழுதியவர் யார், லாரி ஓட்டியவர் யார், அறிந்தும் வாளாவிருந்தவர் யார் என்று ஐந்து எழுவாய்களை மாணவர் காண்பர். பழிவாங்குவதற்காக இதனைக் கேட்கவில்லை. பட்டியல் எழுதியவரை இகழும் உரிமை, அவர் நின்ற இடத்தில் நின்று பாராத நமக்கு இல்லை. மற்றொரு நாள் அதே எழுதுகோல் நம் கையில் தரப்படுமாயின் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதற்காகவே கேட்கிறோம்.

ஜப்பான் காலத்தைக் கண்ணால் கண்டு நினைவில் வைத்திருப்போர் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியோ கடந்தோ இருக்கின்றனர். ஜொகூரின் பழைய தோட்டங்களிலும் அவற்றைச் சூழ்ந்த பட்டணங்களிலும் சிலர் இன்னும் உள்ளனர். மாணவர்கள் இந்த விடுமுறையில் தத்தம் குடும்பத்துப் பெரியவரை அணுகி, சயாமுக்குச் சென்ற ஒருவரின் பெயரையேனும் கேட்டு எழுதி வாருங்கள். பெயர், ஊர், தோட்டம், உடன் சென்றோர், திரும்பினாரா இல்லையா என்னும் ஐந்து செய்திகள் போதும். மக்களை எண்களாக்கிய ஆட்சிக்கு எழுபது எண்பது ஆண்டு கடந்தேனும் நாம் தரக்கூடிய மறுமொழி, அவ்வெண்களை மீண்டும் பெயர்களாக்குவதே ஆகும்.

நம் பெரியப்பாவின் பெயர் முத்தையா. குளுவாங் வட்டாரத்தவர். சென்றபோது வயது 19. திரும்பவில்லை.